மூன்று தலைமுறைகள் சேர்ந்து போகும் கப்பல் பயணத்துக்கு எந்தக் கடல் பொருத்தம்?

கேள்வியின் சுருக்கம் இது. பெற்றோரின் ஐம்பதாவது திருமண ஆண்டை முன்னிட்டு, சென்னை, நியூ ஜெர்சி, சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களில் வாழும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 13 பேர் அடுத்த கோடையில் ஒரு வாரம் ஒரே சொகுசுக் கப்பலில் பயணம் செய்ய விரும்புகிறீர்கள். அப்பாவுக்கு 78 வயது. கைத்தடி ஊன்றி நடக்கிறார். அம்மாவுக்கு 72, முழங்கால் வலியால் படியேற இயலாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் குழந்தைக்கு ஒன்றரை வயது. மற்ற நான்கு பேரப்பிள்ளைகளும் 11 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்கள். பெற்றோர் இருவரும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருப்பார்கள். ரோம், சாண்டோரினி வழியாகச் செல்லும் மத்தியதரைக் கடல் பயணம், அலாஸ்கா, கரீபியன் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பரிந்துரை அலாஸ்கா. ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் வான்கூவரில் புறப்பட்டு, கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் சென்று, மீண்டும் வான்கூவருக்கே திரும்பும் ஏழு இரவுப் பயணத்தைத் தேடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் அது மிக அழகானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை; அழகைப் பொறுத்தவரை ஒவ்வொருவருக்கும் ஒரு விடை இருக்கும். குடும்பத்திலேயே குறைவாக நடக்கக்கூடியவர் எதையும் இழக்காமல் பார்க்கக்கூடிய இடம் எது என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்கிறேன். பெரியவர்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் ஊர் சுற்றிவிட்டு மாலையில் திரும்பும் பயணத்தில், அவர்களுக்காக எடுத்த விழாவில் அவர்களே பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

முதலில் மத்தியதரைக் கடலைப் பார்ப்போம், ஏனெனில் குடும்பத்தில் பெரும்பாலோர் அதைத்தான் விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ரோம் நகரத்துக்குக் கப்பல் போவதில்லை. அது சிவிடாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு மேல். பேருந்திலோ ரயிலிலோ போய்வர மட்டுமே மூன்று மணி நேரம் செலவாகும்; அதன்பின் கொலோசியத்தைச் சுற்றியுள்ள கல் பாவிய தெருக்களில் வெயிலில் நடக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் நகரத்துக்கும் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து அதே போன்ற தொலைவுதான். சாண்டோரினியில் கப்பல் கரையோரம் அணையவே முடியாது. எரிமலைப் பள்ளத்தின் ஆழமான நீரில் நின்றுகொண்டு, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்கிவிடும். கரைக்கு வந்த பிறகு மலையுச்சியில் இருக்கும் ஃபிரா ஊருக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏற வேண்டும், அல்லது கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும். பல கப்பல்கள் ஒரே நாளில் வந்தால் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2023 ஜூலையில் வெப்ப அலை காரணமாக ஏதென்ஸின் அக்ரோபோலிஸை நண்பகல் நேரத்தில் மூடிவிட்டார்கள். ரோமையும் சாண்டோரினியையும் நிலத்தில் தங்கி, அக்டோபரில், நிதானமாகப் பார்ப்பதே அவற்றுக்கும் மரியாதை, உங்கள் பெற்றோரின் முழங்காலுக்கும் நல்லது.

கரீபியனைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அங்கே மகிழ்ச்சி முழுவதும் கடல்நீரிலும் மணலிலும் இருக்கிறது. நீரில் இறங்காதவர் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். ஜூனில் ஆபத்து குறைவு என்றாலும் புழுக்கம் மிகுதி. பதின்பருவத்தினர் மட்டும் போவதாக இருந்தால் நானே அதைப் பரிந்துரைத்திருப்பேன்.

இனி அலாஸ்கா. வான்கூவர் தீவுக்கும் கனடாவின் பெருநிலத்துக்கும் இடையே தொடங்கி, தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுக்கூட்டத்தின் ஊடாக நீளும் கடல்வழியை இன்சைட் பாசேஜ் என்கிறார்கள். இருபுறமும் காடு அடர்ந்த மலைகள் நிற்க, நடுவில் தீவுகளின் மறைவில் கப்பல் போவதால் திறந்த கடலின் ஆட்டம் பெரும்பகுதி இருக்காது. இங்கேதான் புறப்படும் துறைமுகம் முக்கியமாகிறது. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்குப் புறமாக, பசிபிக் பெருங்கடலின் திறந்த நீரில் செல்கின்றன; வான்கூவரிலிருந்து கிளம்புபவை தீவின் உட்புறமாகச் செல்கின்றன. மலைகள் சூழ்ந்த அந்த அமைதியான முதல் நாள் வான்கூவர் பயணிகளுக்குக் கிடைக்கிறது. சியாட்டில் பயணிகள் சிலர் அதே நாளைத் தலைசுற்றலோடு கழிக்கிறார்கள். இரண்டுக்கும் கட்டணத்தில் வேறுபாடு இருந்தாலும், 78 வயதுப் பெரியவருக்காக நான் வான்கூவரையே தேர்ந்தெடுப்பேன். அலாஸ்காவின் விட்டியர் அல்லது சீவர்ட் துறைமுகத்திலேயே முடிந்துவிடும் ஒருவழிப் பயணங்களும் உண்டு. ஆனால் அவை அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருப்பதாலும், திரும்புவதற்கு இன்னொரு விமானம் தேவைப்படுவதாலும் உங்களுக்கு ஏற்றவை அல்ல.

இந்தப் பயணத்தின் உச்சம் கிளேசியர் பே. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களத்தில் 1992-இல் சேர்க்கப்பட்ட இந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. உள்ளே யாரும் கரை இறங்குவதில்லை. நாள் முழுவதும் கப்பல் மெதுவாக விரிகுடாவுக்குள் சென்று திரும்புகிறது. பூங்காவின் வனக்காவலர்கள் ஒரு சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு, ஒலிபெருக்கி வழியாகவும் தளங்களில் நடமாடியும் விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜெரி என்ற பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று, மெல்லத் தன்னைச் சுற்றித் திருப்பிக்கொள்ளும்; ஆகவே அறை இடப்பக்கமா வலப்பக்கமா என்ற கவலை வேண்டாம். ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாறு கடலில் வந்து முடியும் இடத்தில், நீல நிறம் கலந்த பனிச்சுவர் உயர்ந்து நிற்கிறது. உங்கள் அப்பா பால்கனி நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே, 17 வயதுப் பேரன் மேல்தளத்தில் நின்று பார்க்கும் அதே காட்சியை, அதே நேரத்தில் பார்ப்பார். மத்தியதரைக் கடலில் எந்தத் துறைமுகத்திலும் இது நடக்காது. அலாஸ்காவை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இந்த ஒரு நாளே போதுமான காரணம்.

பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வரலாறும் உண்டு. 1794-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தக் கடற்கரையை அளந்தபோது இந்த விரிகுடாவே கிட்டத்தட்ட இல்லை. அதன் வாயிலிலேயே பனிச்சுவர் அடைத்து நின்றது. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் படகில் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. அதற்கும் முன்னால் இங்கே வாழ்ந்த ஹூனா ட்லிங்கிட் மக்கள், முன்னேறி வந்த பனியால் தங்கள் ஊர்களை விட்டு வெளியேறியவர்கள். ஆக, ஒரு நாள் முழுவதும் கப்பல் கடந்துபோகும் நீர்ப்பரப்பு, இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் பனிக்கட்டியாக இருந்தது. கரையோரத்தில் வாயிலருகே முதிர்ந்த காடும், உள்ளே போகப் போகப் புதரும், பிறகு வெறும் பாறையும் தெரிவது அந்தக் காலவரிசையைக் கண்ணால் காட்டுகிறது. புவியியல் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

எல்லா நிறுவனங்களின் கப்பல்களும் கிளேசியர் பேக்குள் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கும் அந்த அனுமதிகள் அதிகம். மற்ற பல கப்பல்கள் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழிக்கோ செல்கின்றன. அவையும் நல்ல இடங்களே. ஆனாலும் விளம்பரத்தில் ‘பனியாறு’ என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பணம் கட்டாமல், பயண நிரலில் எந்தப் பனியாறு என்று பெயரைப் பாருங்கள். நீர்ச்சறுக்கும் கோ-கார்ட் தடமும் உள்ள பெரும் கப்பல்கள்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்ற வாதம் உங்கள் வீட்டில் எழக்கூடும். அலாஸ்காவின் குளிரில் மேல்தள விளையாட்டுகளுக்குப் பயன் குறைவு. பதின்பருவத்தினரின் உற்சாகத்துக்கு வேண்டியது கரையில் நிறையவே இருக்கிறது.

வழக்கமான நிரலில் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்ற மூன்று ஊர்கள் வரும். மூன்றிலும் பெரும்பாலும் கப்பல் கரையோரம் அணையும். படகில் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் குறிப்பிட்ட தேதிக்கு நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் நெரிசலான நாளில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நிற்க நேர்வதுண்டு. கப்பல்துறையினர் அந்தச் சிறு படகை டெண்டர் என்பார்கள். நிரலில் அந்தச் சொல் எங்கே வந்தாலும், அலையில் ஆடும் படகில் காலெடுத்து வைக்க அம்மாவால் முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியிலிருந்து அதற்குச் சாலை கிடையாது, கடலிலோ வானிலோதான் வர முடியும். கப்பல் நிற்கும் இடத்தின் அருகிலேயே மவுண்ட் ராபர்ட்ஸ் கேபிள் கார் தொடங்குகிறது. ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் போய் இறங்கலாம். மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே பார்வையாளர் மையம் வரை வண்டி செல்கிறது, தளம் பாவிய ஒரு குறுகிய பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். இளையவர்கள் அதே நேரத்தில் ஆக் பே என்ற இடத்திலிருந்து திமிங்கலம் பார்க்கப் போகட்டும். குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழிக்கும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் உணவுக்காக இங்கே வருகின்றன; வாய்ப்பு அமைந்தால், அவை கூட்டமாக நீர்க்குமிழிகளால் வலை பின்னி மீன்களை வளைத்துப் பிடிப்பதையும் காணலாம்.

ஸ்காக்வேயில் 13 பேரும் ஒன்றாகப் போக வேண்டியது வைட் பாஸ் ரயில். 1898-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் நடந்த தங்க வேட்டையின்போது தொடங்கி 1900-இல் முடித்த இந்தக் குறுகிய இருப்புப்பாதை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குள் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. கணவாய் உச்சி வரை போய்வர மூன்று மணி நேரத்துக்குள் ஆகும்; இருக்கையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி பொருத்திய பெட்டிகள் உண்டு. அவற்றை முன்பதிவின்போதே கேட்டுப் பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் ரயில் பிடிக்கும், பாட்டிக்கும் பிடிக்கும். என் கணிப்பில், குடும்பம் முழுவதும் கரையில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் புகைப்படம் இந்த நாளுக்கு உரியது. கெச்சிகன் மழைக்குப் பெயர் போனது: ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சென்னையின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே செதுக்கிய மரத் தூண்களைப் பார்த்துவிட்டு நேரத்தோடு திரும்பிவிடுங்கள்.

ஜூனில் ஜூனோவில் பகல் வெப்பம் 15 முதல் 18 டிகிரி வரை இருக்கும். பனியாற்றின் முன்னால் காற்று அதைவிட வெகுவாகக் குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உடைகளும் மழை புகாத மேலங்கியும் பயன்படும். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 18 மணி நேரம் நீடிப்பதால் இரவு உணவுக்குப் பின்னும் எல்லோரும் தளத்தில் நிற்கலாம். குழந்தையைத் தூங்கவைக்க மட்டும் அறையின் திரையை நன்றாக இழுத்து மூட வேண்டும்.

தேதி ஏன் ஜூன் கடைசி வாரம் என்றால், நியூ ஜெர்சியில் பள்ளிகள் ஜூன் 20-ஐ ஒட்டித்தான் மூடுகின்றன. தமிழ்நாட்டிலோ ஜூன் முதல் பாதியிலேயே திறந்துவிடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான கோடை விடுமுறை கிடையாது. சென்னைப் பிள்ளைகள் இருவரும் பொதுத்தேர்வு வகுப்பில் இல்லை என்று எழுதியிருப்பதால், பயண அலுப்பையும் சேர்த்து இரண்டு வாரம் விடுப்பு எடுப்பது தாங்கக்கூடியதே. பொதுத்தேர்வு ஆண்டாக இருந்திருந்தால் என் பதிலே வேறாகியிருக்கும்.

இப்போது எல்லாவற்றையும்விட முந்திச் செய்ய வேண்டியது விசா. கப்பல் வான்கூவரில் கிளம்பி அமெரிக்க மண்ணான அலாஸ்காவுக்குப் போய், மீண்டும் கனடாவுக்கு வருகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அமெரிக்க விசாவும் வேண்டும், கனடா விசாவும் வேண்டும். கனடா விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பதாக இருக்கக் கூடாது, பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். சியாட்டிலிலிருந்து போனாலும் இந்தத் தொல்லை முற்றிலும் நீங்காது. வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பினால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்ற விதி 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வருகிறது. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. உங்கள் பெற்றோரிடம் பத்தாண்டு அமெரிக்க விசா ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வீட்டில் நால்வருக்கும் இல்லை என்றால், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம் என்ற கணக்கில் இன்றே தொடங்குங்கள். தம்பி சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்றால் அவருக்கும் இதே நிபந்தனைதான். வான்கூவர் துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடந்துவிடும். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்; அப்பா கைத்தடியோடு நடப்பவராக இருந்தாலும் அங்கே அது தேவைப்படும்.

பெற்றோர் ஏற்கெனவே நியூ ஜெர்சியில் இருப்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. சென்னையிலிருந்து நேராக வான்கூவருக்கு ஒரு நாள் நீளும் பயணத்தை அவர்கள் செய்ய வேண்டியதில்லை. நேர மாற்றத்துக்கும் உடல் பழகியிருக்கும். ஆனாலும் கப்பல் கிளம்பும் நாளிலேயே யாரும் வந்து சேரக் கூடாது. சென்னையிலிருந்து வருபவர்கள் இரண்டு நாளும், மற்றவர்கள் ஒரு நாளும் முன்னதாக வான்கூவரில் இருக்க வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

அறைகளைப் பொறுத்தவரை, பெற்றோருக்குப் பால்கனி அறை கட்டாயம். கப்பலின் நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகில், நீச்சல் தளத்துக்கு நேர் கீழே அல்லாத தளத்தில் கேளுங்கள். நாற்காலிகளை இழுக்கும் ஓசை விடியற்காலையில் தலைக்கு மேல் கேட்கும். சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் ஒரு சிறு படி உண்டு. அது கூடாது என்றால் சக்கர நாற்காலிக்கென அமைத்த அறையைக் கேட்க வேண்டும். அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு, முதலில் தீர்ந்துபோவதும் அவையே. செலவைக் குறைக்க வேண்டுமானால் பதின்பருவத்தினருக்கு ஜன்னலில்லாத உள்ளறையைப் போடுங்கள். ஓர் அறையில் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்ப்பதற்கு உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவும் ஒரு வரம்பு. ஆகவே அறை காலியாக இருந்தும் நால்வருக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். இதற்காகவும் சீக்கிரம் பதிவு செய்வது நல்லது.

ஒன்றரை வயதுக் குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றிக்கொள்வார்கள், ஆறு மாதம் நிறைந்திருந்தால் போதும். ஆனால் சிறுவர் மன்றத்தில் பொதுவாக மூன்று வயது ஆனவர்களையும் டயப்பர் தேவைப்படாதவர்களையும் மட்டுமே சேர்ப்பார்கள். டயப்பர் அணியும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்திலும் இறக்க விடமாட்டார்கள். தம்பியும் அவர் மனைவியும் இதை அறிந்து வர வேண்டும். மற்றவர்கள் முறைவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அவர்களுக்கும் ஒரு மாலைப்பொழுது கிடைக்கும்.

உணவைப் பற்றி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாத உணவு ஆகியவற்றை முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, ஏறிய முதல் மாலையே உணவறைப் பொறுப்பாளரிடம் மீண்டும் சொல்லுங்கள். மறுநாளுக்கான உணவை முந்தைய இரவே கேட்டுச் சமைத்துத் தருவார்கள். சோறும் தயிரும் கிடைப்பதில் சிரமமில்லை. ரைஸ் குக்கர், மின்கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு போன்ற சூடாக்கும் கருவிகளுக்கு அனுமதி இல்லை. பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மூடி முத்திரையிட்ட பருப்புப் பொடி, ஊறுகாய்ப் பொட்டலங்களே போதும். 13 பேரும் ஒரே மேசைப் பகுதியில் உட்கார, நேரம் நிலையாக உள்ள முதல் பந்தியைத் தேர்ந்தெடுங்கள். விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறையில் இத்தனை பேருக்கு ஒருசேர இடம் கிடைப்பது கடினம்.

மருத்துவக் காப்பீட்டைத் தவிர்க்க வேண்டாம். கப்பலின் மருத்துவ அறை முதலுதவிக்கும் அவசரத்துக்கும் உரியது, கட்டணம் அதிகம். அலாஸ்காவிலிருந்து நோயாளியை விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால் செலவு மிகப் பெரியதாகும். அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களையும், அவசர வான்வழி மீட்பையும் உள்ளடக்கிய காப்பீடா என்பதை எழுத்தில் பெறுங்கள். மருந்துகளைக் கப்பல் ஏறும்போது ஒப்படைக்கும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும்.

அமெரிக்க விசா ஏதேனும் ஒருவருக்குக் கிடைக்காமல் போனால், அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போவதைவிட இடத்தை மாற்றுவதே சரி என்பேன். அப்போது டிசம்பர் கடைசி வாரத்துக்கு நகருங்கள். தமிழ்நாட்டின் அரையாண்டு விடுமுறையும், நியூ ஜெர்சியின் கிறிஸ்துமஸ் விடுமுறையும், சிங்கப்பூரின் ஆண்டிறுதி விடுமுறையும் சேர்ந்து வரும் நாட்கள் அவை. பெற்றோரும் சென்னைக்குத் திரும்பியிருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகச் செல்லும் நான்கைந்து இரவுப் பயணம் அப்போது பொருந்தும். மலாக்கா நீரிணை மலாய் தீபகற்பத்தின் மறைவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பினாங்கில் கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. 1833-இல் எழுப்பிய மகாமாரியம்மன் கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் சில நிமிட வண்டிப் பயணம் போதும். நிரலில் தாய்லாந்தின் புக்கெட்டும் இருந்தால், அங்கே பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டுப் படகில் இறக்குவதால், அங்கே பெற்றோர் கப்பலில் தங்க நேரலாம். சிங்கப்பூருக்கும் பலமுறை நுழையும் விசா வேண்டும். பண்டிகை வாரமாதலால் கட்டணம் உயர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த மாதத்திலேயே அமெரிக்க, கனடா விசா விண்ணப்பங்கள், அதே வாரத்தில், திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டி அருகருகே ஆறு அறைகள், விசாக்கள் கையில் வந்த பிறகு விமானச் சீட்டுகள். முழுத்தொகையைக் கட்ட வேண்டிய கெடு பொதுவாகக் கப்பல் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு வரும். அந்தக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கும் எவருடைய விசாவாவது வராமல் இருந்தால் அலாஸ்காவை ரத்து செய்து, டிசம்பர் சிங்கப்பூர்ப் பயணத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள்.